ஸ்டெப்னிக்குப் பூட்டு

அசரியாவுக்கு யார்மேலும் கோபம் கிடையாது. சந்தேகம் மட்டும் எல்லார்மேலும் உண்டு. பால்காரர் படியைச் சாய்த்துப் பிடித்தால் சந்தேகம், பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரர் காரணமில்லாமல் ஸ்தோத்திரம் சொன்னால் அதிலும் ஒரு சந்தேகம். ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷம் போல்ட்டுக்கும் நட்டுக்கும் காவல் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பழசைக் கொடு, புதுசைப் பூட்டு என்பதுதான் அங்கே அவர் படித்த பாடம். வீட்டிலும் அதே சட்டம்தான். கல்யாணத்துக்கு வந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு பீரோவில் பத்திரமாக இருந்தது. அவரும் மனைவி பியூலாவும் கிழிசலில் படுத்தார்கள். இருபது வருஷம் கழித்து ஒரு விருந்தாளிக்காக அதை எடுத்து விரித்தபோது, மடிப்புக்கு மடிப்பு மஞ்சள் கோடு விழுந்து இற்றுப்போயிருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டார் அசரியா.

ஓய்வு பெற்ற பிறகு சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு சின்ன மிஷன் மருந்தகத்தில் மானேஜர் வேலை கிடைத்தது. இரண்டு அறை, ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், ஒரு ஜீப். எழுபத்தொன்றில் வந்த ஜீப் அது. வந்த நாளிலேயே அசரியா அதைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். நாலு சக்கரம் தரையில், ஐந்தாவது பின்பக்கம் ஸ்டெப்னியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் இருப்பதை யாரும் தூக்கிப் போக முடியாது. தொங்குவதை ஒரு ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம். மறுநாளே இரும்புச் சங்கிலியும் பித்தளைப் பூட்டும் வாங்கிவந்தார். ஸ்டெப்னியின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், வெள்ளைப் பெயிண்டால் தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டார். பியூலாவைக் கொண்டு கான்வாஸ் துணியில் உறை தைத்து மாட்டினார். சாவி அவர் அரைஞாணில் ஏறியது. சனிக்கிழமைதோறும் பூட்டைத் திறந்து, கையெழுத்து இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டுவார்.

டிரைவர் பூவராகன் கோவளத்துக்காரன். அப்பா, அண்ணன், மாமன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கியவன். புதன்கிழமைதோறும் மருந்துப் பெட்டிகளையும் நர்ஸ் ரத்தினபாயையும் ஏற்றிக்கொண்டு கோவளம் போக வேண்டும். அங்கே கடற்கரையை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகையில் வைத்தியம் நடக்கும். தார் ரோட்டை விட்டு இறங்கினால் இரண்டு பர்லாங்கு வெறும் மணல். சாதாரண வண்டி அதில் அரை அடி போனால் அச்சுவரை புதைந்துவிடும். ஜீப்பில் கியர் கம்புக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பு இருக்கும். அதைத் தள்ளினால் பின்சக்கரம் இரண்டோடு முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து இழுக்கும். டிரைவர்கள் அந்தக் கம்பை லிவர் என்றும், நாலும் சேர்ந்து இழுப்பதை ஃபோர் வீல் என்றும் சொல்வார்கள். மணலுக்கு அதுதான் கதி.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பூவராகன் சாவியைக் கேட்டான். ஐந்து டயரையும் முறை வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும், அப்போதுதான் எல்லாம் ஒரே மாதிரி தேயும் என்றான். அசரியாவுக்குச் சிரிப்பு வந்தது. புதுசை எடுத்துப் பழசோடு கலந்துவிட்டால் எது எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? இருபத்தாறு வருஷத்தில் இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமும் கேட்டான். அதற்கடுத்த வருஷம், எழுபத்துநாலு தொடக்கத்தில், மூன்றாவது தடவையாகக் கேட்டபோது அசரியாவின் சந்தேகம் முற்றிப் பழுத்துவிட்டது. அந்த வாரமே அவர் பஸ்ஸில் போகும்போது, கீழ்க்கட்டளையில் ஒரு டயர்க் கடை வாசலில் பூவராகன் நின்று பேசிக்கொண்டிருந்ததைத் தம் கண்ணாலேயே பார்த்தார். கடைக்காரன் விரலை அகட்டி ஏதோ அளவு காட்டினான். விலை பேசுகிறான் என்று தீர்மானித்துவிட்டார் அசரியா.

அன்றிலிருந்து ஆறு மாதம் அவர் சும்மா இருக்கவில்லை. மருந்தகக் கமிட்டியின் தலைவர் வேதசிரோமணி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் வாசல் வேப்பமரத்தடியில் அவரை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, அசரியா சொல்லுவார். இன்றைக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூடச் செலவாகியிருக்கிறது. இன்றைக்கு ஜீப்பில் மீன் செதில் கிடந்தது. சாவி கேட்கிறான், கொஞ்சம் கண்ணு வெச்சுக்கணும். வேதசிரோமணி முதலில் சிரித்தார், பிறகு தலையசைத்தார், கடைசியில், எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அசரியாவும் டைப் அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடும். டிரைவரை நீக்க வேண்டும் என்ற கடிதம் அவர் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது. ஒரே ஒரு குறை, கையும் களவுமாகப் பிடித்ததாக ஒரு வரி அதில் இல்லை. அந்த வரிக்காகத்தான் அந்தப் புதன்கிழமை ஜீப்பில் தானும் ஏறி உட்கார்ந்தார்.

மானேஜர் வருகிறார் என்றதும் ரத்தினபாய் பின்னால் போய் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். பூவராகன் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு விஷயம் தெரியும் என்று அசரியாவுக்குத் தோன்றியது. தெரியாதவன் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், கேளம்பாக்கம் என்று வழிநெடுக அவன் யாரைப் பார்த்துக் கையசைக்கிறான், எங்கே வேகத்தைக் குறைக்கிறான் என்று எண்ணிக்கொண்டே வந்தார். டீக்கடைக்காரர் ஒருவர் வணக்கம் வைத்தார். அவர் முகத்தையும் மனசில் குறித்துக்கொண்டார்.

கோவளத்தில் வைத்தியம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது ஜீப்பின் முன்சக்கரம் ஒன்று காற்றிழந்து உட்கார்ந்துவிட்டது. உடைத்துப் போட்ட படகு ஒன்றின் ஆணி, விரல் நீளத்துக்கு ஏறியிருந்தது. அசரியாவுக்கு மூக்கில் வியர்த்தது. மூன்று வருஷமாக ஏறாத ஆணி, நான் வந்த அன்றைக்கா ஏற வேண்டும்? ஆனாலும் வேறு வழியில்லை. சட்டையை உயர்த்தி, அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து, தானே பூட்டைத் திறந்தார். உறையைக் கழற்றியதும் ஸ்டெப்னி கறுகறுவென்று, பட்டன் பட்டனாக, கடையிலிருந்து வந்த நாளைப் போலவே இருந்தது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்த பார்வையே அவருக்குப் பிடிக்கவில்லை.

பூவராகனின் சொந்தக்காரர்கள் நாலு பேர் கைகொடுக்க வந்தார்கள். மணலில் ஜாக்கி நிற்காது என்பதால் அடியில் படகுப் பலகை ஒன்றைப் போட்டு வண்டியைத் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து ரத்தினபாய் ஏதோ பதிவேட்டில் கையெழுத்து வேண்டும் என்று கொட்டகைக்குள் கூப்பிட்டாள். அசரியா போய்த் திரும்ப ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது சக்கரம் மாட்டியாகிவிட்டது. ஐந்து நிமிஷம் என்பது ஸ்டோர்ஸ்காரருக்குப் பெரிய காலம். ஆணி குத்திய மொட்டை டயரைப் பின்பக்கம் மாட்டச் சொல்லி, அதற்கும் சங்கிலி சுற்றிப் பூட்டுப் போட்டார். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூவராகன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும். இந்தப் புது டயரு ஒசரமா கீது. மத்த மூணும் தேஞ்சு கம்மியா பூட்சு. ஃபோர் வீல் போட்டா இது ஒரு கணக்குல சுத்தும், அது ஒரு கணக்குல சுத்தும். மணல்ல பரவால்ல, சறுக்கி வுட்டுக்கும். தார் ரோட்ல சறுக்காது, உள்ள கியர் பெட்டி இறுக்கிப் புடிச்சுக்கும். ரோட்டாண்ட போனதும் நிறுத்தி லிவரை எடுத்துடறேன் சார். அப்பறம் ஒண்ணும் இல்ல."

அசரியா தலையை மட்டும் ஆட்டினார். எல்லா டயரும் ஒரே நாளில் ஒரே கடையிலிருந்து வந்தவை. ஒன்று மட்டும் எப்படி உயரமாகும்? அவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். ரோட்டருகே நிறுத்த வேண்டுமாம்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். பூவராகன் குட்டிக் கம்பைத் தள்ளினான். ஜீப் மணலில் முக்கி முனகி, நாலு காலும் ஊன்றி ஏறியது. தார் ரோடு தெரிந்த இடத்தில் அசரியா நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே, சரியாக மணலும் ரோடும் சேரும் இடத்தில், ஒரு பெண் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கூடையை வாழையிலை போட்டு மூடியிருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்தாள்.

அது யார் என்று கேட்டார். தங்கச்சி காந்தா என்றான் பூவராகன். வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"நிக்காதே, போ" என்றார் அசரியா.

"சார், லிவரை எடுக்கணும்."

"அப்புறம் எடுத்துக்கலாம். வண்டி நிக்கக் கூடாது. போ."

பூவராகன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மிதித்தான். காந்தா கூடையோடு அங்கேயே நிற்பது கண்ணாடியில் சின்னதாகித் தெரிந்தது. அசரியாவுக்கு உள்ளே ஒரு குளுமை. கூடையில் என்ன இருந்தது, யாருக்குப் போக இருந்தது என்பதெல்லாம் இனி அவள் கவலை. இங்கே ஒரு வரி கிடைத்துவிட்டது என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

அரை மைல் போவதற்குள் ஜீப் வேறு வண்டியாகிவிட்டது. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பூவராகன் தோளைக் கொடுத்துத் திருப்பினான். காலடியில் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் ஓடுகிற வண்டியிலேயே குட்டிக் கம்பை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். சிமெண்டில் நட்ட மாதிரி நின்றது.

"இறுக்கிகினு கீது சார். பத்தடி பின்னாடி எடுத்தா உள்ள முறுக்கு தளரும், லிவர் தானா வந்துடும்."

பின்னாடி என்றால் கோவளம் பக்கம். கூடை நிற்கிற பக்கம். அசரியா வேண்டாம் என்றார். கேளம்பாக்கத்தில் இன்னொரு தடவை கேட்டான். வண்டி முன்னால் போகத்தானே இருக்கிறது, பின்னால் போக என்ன அவசியம் என்று எரிந்து விழுந்தார். சோழிங்கநல்லூர் தாண்டும்போது தரைப்பலகை சூடேறி, செருப்பையும் தாண்டிக் காலில் உறைத்தது. எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. பூவராகனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்றாவது தடவை அவன் வேறு மாதிரி கேட்டான். பின்னாடி எடுக்க வேண்டாம் என்றால், மேடவாக்கத்தில் இருந்து நேராகக் கீழ்க்கட்டளை போய்விடலாம், அங்கே தெரிந்த கடை ஒன்று இருக்கிறது, அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்றான்.

கீழ்க்கட்டளை என்ற பெயர் காதில் விழுந்ததும் அசரியாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஆணி, உயரம், இறுக்கம், சூடு, எல்லாமே அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தத்தான். புது டயர் அங்கே இறங்கும், ஒரு மொட்டை டயர் ஏறும். நேரே சேலையூர் போ என்றார்.

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் ஜீப் 'கடக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஏரியில் நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பின்னாலிருந்து ரத்தினபாய் பேசினாள். இத்தனை நாளில் அவள் மானேஜரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சார், அவர் மூணு தடவை கேட்டுட்டார். நான் புதன்கிழமை புதன்கிழமை வர்றேன். மணல் தாண்டினதும் நிறுத்தி அந்தக் கம்பை எடுப்பார், அப்புறம்தான் போவார். ஒரு வாரமும் தவறினதில்லை."

"அவன் தங்கச்சி எதுக்கு அங்க நிக்கறா?" என்று கேட்டார் அசரியா.

"அவர் பிள்ளைங்க ரெண்டும் தாம்பரத்துல அவரோட இருக்குதுங்க. அம்மா இல்லாத பிள்ளைங்க. அத்தை குழம்பு வெச்சுக் கொடுத்தனுப்பும். ஜீப் எப்படியும் அங்க நிக்கும்னு தெரியும், அதான்."

அசரியா கீழே இறங்கினார். முன்சக்கரத்தின் எதிரே போய் நின்றார். இறங்கி நின்று பார்க்கும்போதுதான் தெரிந்தது: அந்தப் பக்கம் ஜீப் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அவருக்குத் தலைகால் புரியாத ஒரு சந்தோஷம் வந்தது. அந்த ஐந்து நிமிஷத்தில் டயரையே மாற்றியிருக்கிறார்கள். இது என் டயர் இல்லை, வேறு ஏதோ பெரிய வண்டி டயர். நம்முடையது இந்நேரம் கோவளத்தில் ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் கிடக்கும்.

மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒரு பேண்டேஜ் சுருளை வாங்கினார். வெள்ளைப் பேண்ட் அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் புழுதியில் மண்டியிட்டு, சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, புது டயரைச் சுற்றி அளந்தார். ரத்தினபாயின் பேனாவால் கோடு போட்டார். பிறகு மறுபக்கத்துச் சக்கரத்தை அதே துணியால் அளந்து இன்னொரு கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. துணியைத் தூக்கிப் பூவராகன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நாலு விரல். இது என்ன கணக்கு? என் டயர் எங்கே?"

பூவராகன் அந்தத் துணியைப் பார்க்கக்கூட இல்லை.

"உள்பக்கம் பாருங்க சார்" என்றான்.

அசரியா தரையில் மல்லாந்து, ஜீப்புக்கு அடியில் தலையை நுழைத்தார். சூடான எண்ணெய் ஒரு சொட்டு அவர் காலரில் விழுந்தது. டயரின் உள்பக்கத்தில், வெள்ளைப் பெயிண்டில், மூன்று வருஷத்துக்கு முன் அவரே போட்ட கையெழுத்தும் தேதியும் கொஞ்சமும் மங்காமல் இருந்தன. அழியாமல் இருக்கட்டும் என்று இரண்டு பூச்சுப் போட்டது அவருக்கு நினைவு வந்தது.

அவர் வெளியே வர நேரமாயிற்று. வெளியே வர அவருக்குத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம். ஐந்து டயரும் ஒரே நாளில் வந்தவைதான். நாலு டயர் மூன்று வருஷம் மணலிலும் தாரிலும் ஓடி நாலு விரல் அளவுக்குத் தேய்ந்தன. ஐந்தாவதை அவர் தேயவிடவில்லை. மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று இவன் கேட்டபோதெல்லாம் சாவியைத் தடவிக்கொண்டு சிரித்திருக்கிறார். டயர்க் கடைக்காரன் விரலை அகட்டிக் காட்டியது இந்த இடைவெளியைத்தான். திருட்டைப் பிடிக்கப் போட்ட கையெழுத்து கடைசியில் அவரையே பிடித்துக் கொடுத்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயசில், நடுரோட்டில், ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு அழுகை வருகிற அளவுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்ததும், பின்னாடி எடு என்று மட்டும் சொன்னார். பூவராகன் ஏறி உட்கார்ந்து, ஜீப்பைப் பத்தடி பின்னால் நகர்த்தினான். குட்டிக் கம்பு 'டக்'கென்று தானாகத் தளர்ந்து வந்தது. ஆனால் உள்ளே ஏதோ பல் உடைந்து உருளும் சத்தம் கேட்டது. பின்சக்கரத்தால் மட்டும் மெல்ல ஊர்ந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேலையூர் வந்து சேர்ந்தார்கள். இனி அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்வரை மணலில் இறங்க முடியாது, கோவளத்து வைத்தியமும் கிடையாது என்று ஷெட்டில் நிறுத்தும்போது பூவராகன் சொன்னான். குற்றம் சொல்லுகிற தொனியே அதில் இல்லை. அதுதான் அசரியாவைப் பிடுங்கித் தின்றது.

அன்று இரவு டைப் அடித்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். தன் கையாலேயே இன்னொன்று எழுதினார். டிரைவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை, வண்டி கெட்டதற்கு முழுப் பொறுப்பும் நானே, ஆறு மாதமாக அவரைப் பற்றி நான் சொன்ன எதற்கும் ஆதாரம் கிடையாது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். டயரில் இருந்த அதே கையெழுத்து. பியூலாவிடம் படித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, இப்போதாவது எழுதினீர்களே என்றாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். அசரியா கடிதத்தைப் படித்தார். பேண்டேஜ் துணியை மேஜையில் விரித்து இரண்டு பேனாக் கோட்டையும் காட்டினார். பூட்டு, சாவி, மணல், தார் ரோடு, காந்தா கூடையோடு நின்றது, தான் போ போ என்று விரட்டியது, ஒன்றும் விடாமல் சொன்னார். வேதசிரோமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மிஸ்டர் அசரியா, உமக்கு எவ்வளவு இளகின மனசு" என்றார். "தாயில்லாப் பிள்ளைங்களை வெச்சுக்கிட்டிருக்கான், பிழைப்பு போயிடுமேன்னு பழியை நீர் சுமக்கப் பார்க்கிறீர். எங்களுக்குப் புரியாதா? ஆறு மாசமா நீர்தானே எங்களுக்குச் சொன்னீர், இவன் சரியில்லைன்னு?"

இல்லை, அது தப்பு, அதெல்லாம் என் சந்தேகம்தான் என்று அசரியா பதறினார். பதறப் பதற அவர்கள் முகத்தில் இரக்கம் கூடியது. பெட்ரோல், மீன் செதில், சாவி கேட்டது, கீழ்க்கட்டளைக் கடை என்று அவர் வேப்பமரத்தடியில் சொன்னதையெல்லாம் அவர்களே தேதி தவறாமல் எடுத்துச் சொன்னார்கள். ஓட்டுகிறவன் கையில் கெட்ட வண்டிக்கு உட்கார்ந்து வந்தவர் எப்படிப் பொறுப்பாவார் என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றார் அசரியா. உம்மைப் போல் கண்ணில் எண்ணெய் விட்டுக் காப்பாற்ற யார் கிடைப்பார்கள் என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டார்கள். பூவராகனை மாதக் கடைசியோடு நிறுத்துவது என்று முடிவாயிற்று. இனிமேல் ஸ்டெப்னிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி தலைவரிடம் இருக்கும் என்பதும் தீர்மானமாயிற்று.

பூவராகன் ஷெட்டில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அசரியா விஷயத்தைச் சொன்னார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்டுக்கொண்டான். எனக்காகப் பேசினீர்களா என்றுகூட அவன் கேட்கவில்லை. தான் பேசினதை அசரியாவாகவே சொன்னார். சொல்லும்போது தனக்கே அது நம்பும்படியாக இல்லை. பிறகு மருந்தக முத்திரை போட்டுத் தயாராக வைத்திருந்த ஒரு நற்சான்றுக் கடிதத்தை நீட்டினார். எங்கே போனாலும் இதைக் காட்டு என்றார்.

"இதுல இன்னா சார் எழுதிகீது?"

"நீ நேர்மையானவன்னு. நல்ல டிரைவர்னு."

பூவராகன் அதை வாங்கவில்லை.

"அப்ப எதுக்கு உன்னை வேலையை வுட்டு அனுப்புனாங்கன்னு கேப்பாங்களே சார். இன்னா சொல்றது?"

அசரியா கடிதத்தைத் திரும்ப மடித்தார். பூவராகன் வாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பின் மறுபக்கம் போனான். அடுத்து வருகிறவனிடமாவது அஞ்சு டயரையும் மாற்றிப் போடச் சொல்லுங்கள் என்று அங்கிருந்தே சொன்னான்.

ஜீப் சரியாகி வர மூன்று வாரமானது. அந்த மூன்று புதன்கிழமையும் ரத்தினபாய் ஒரு பையில் கொண்ட மட்டும் மருந்தோடு பஸ்ஸில் போய்வந்தாள். மாதம் பிறந்ததும் துலுக்காணம் என்று ஒரு புது டிரைவர் வந்தான். வந்த நாலாம் நாளே அசரியா அவனைக் கூப்பிட்டு, டயர்களை இன்றைக்கே முறை மாற்றிப் போட வேண்டும் என்றார். தன் அரைஞாண் சாவியை அவன் கையிலேயே கொடுத்தார். இரண்டாவது சாவிக்காக வெயிலில் நடந்து வேதசிரோமணி வீட்டுக்குப் போனார்.

டயர் மாற்ற வேண்டும், சாவி வேண்டும் என்றார். வேதசிரோமணி எழுந்து உள்ளே போகப் போனவர், பாதியில் நின்றார்.

"டிரைவரா கேட்டான்?"

இல்லை, நான்தான் சொன்னேன் என்றார் அசரியா. வேதசிரோமணி அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வந்து நாலு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள சாவி கேக்கறான். கொஞ்சம் கண்ணு வெச்சுக்கணும், அசரியா."

அதே வார்த்தை, அதே தாழ்ந்த குரல். அவர் ஆறு மாதம் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தது ஓர் எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்திருந்தது. சாவியை அடுத்த கமிட்டியில் பேசித் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார் வேதசிரோமணி. கேம்ப் ரோட்டு ஷெட்டில் துலுக்காணம் ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.